மூன்றாம் வருடம் வந்த குலை நோய்

விதைக்கடையில் நிற்பவன் விற்பது பாதி விதை, மீதி தன் வாய்ச்சொல். என்னைப் போல முன்பின் தெரியாத பொருளுக்கு உத்தரவாதம் கொடுத்துச் சம்பளம் வாங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

ஒரு கண்மாய், ஒரு நெல்

தொண்ணூறுகளில் மதுரையில் ஒரு விதைக்கடையில் விற்பனையாளனாக இருந்தேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து சேவுகன் என்ற விவசாயி வருவார். அவர் ஊரில் வருடம் தவறாமல் குலை நோய். கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து, நெல்லெல்லாம் பதராகிவிடும். அப்போதுதான் அந்த நோயைத் தாங்கும் புது ரகம் ஒன்று வந்தது. மூட்டையில் 'நோயை எதிர்க்கும்' என்றுதான் போட்டிருந்தது. நான் 'வரவே வராது' என்றேன். விற்பவன் வாய் அப்படித்தான் நீளும்.

அந்த ஊரில் எல்லாரும் ஒரே கண்மாய்த் தண்ணீரை நம்பியவர்கள். எல்லாரும் ஒரே ரகம் போட்டால் ஒரே நாளில் மடை திறந்து ஒரே நாளில் அடைக்கலாம், சண்டை இல்லை. சேவுகன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து என் பேச்சை அப்படியே ஒப்பித்து, மொத்த ஊரையும் அந்த விதைக்கு மாற்றிவிட்டார். முதல் அறுவடை முடிந்ததும் கடைக்கு வந்தார். "அண்ணே, மருந்தடிக்கிற மெசின பரண்ல தூக்கிப் போட்டாச்சு. இப்ப ஊருல எனக்கு அம்புட்டு மரியாத."

துண்டில் முடிந்த இலைகள்

மூன்றாம் வருடம் கார்த்திகையில் துண்டில் நாலைந்து இலைகளை முடிந்துகொண்டு வந்தார். கண் வடிவத்தில் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம். பார்த்ததுமே அதே குலை நோய்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைக்காரன் புத்தி விடுமா? யூரியாவை அள்ளிக் கொட்டினீர்களா, வேறு விதையைக் கலந்தீர்களா என்று அவரையே குற்றவாளி ஆக்கினேன். அவர் கோபப்படவில்லை. "நாங்க ஒண்ணும் மாத்தலண்ணே. போன வருசம் செஞ்சதத்தேன் இந்த வருசமும் செஞ்சோம்."

மாறியது யார்?

அந்த இலைகளை எனக்குத் தெரிந்த பயிர் நோய் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த நெல், குலை நோயைக் கொண்டுவரும் பூஞ்சாணத்தை ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. மீசையை வைத்தே திருடனைப் பிடிக்கும் காவல்காரன் மாதிரி. காற்றில் பரவும் கோடிக்கணக்கான பூஞ்சாண வித்துகளில் ஏதோ ஒன்று மீசை இல்லாமல் பிறந்துவிடும். நெல்லுக்கு அது வந்ததே தெரியாது. பல ரகம் இருந்திருந்தால் ஏதாவது ஒரு வயலாவது தப்பியிருக்கும். இங்கே எல்லா வயலிலும் அதே காவல்காரன்.

அப்படியானால் விதையில் குற்றமில்லையா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "விதை நல்ல விதைதான் தம்பி. ஊர் முழுக்க ஒரே பந்தி போட்டீங்க, அது உக்காந்து சாப்பிட்டுப் போயிருச்சு."

தை மாதம்

தை மாதம் மனசு கேட்காமல் அந்த ஊருக்குப் போனேன். தூரத்திலிருந்து பார்க்க வயல் விளைந்த மாதிரிதான் இருந்தது. கிட்டே போய்க் கதிரைக் கையில் பிடித்தால் கனமே இல்லை, அத்தனையும் பதர். சிலர் மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் ஏசவில்லை. டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். சேவுகனிடம் மட்டும் ஒருவரும் பேசவில்லை. வெளியூர்க்காரனான நான் பஸ் ஏறிவிடுவேன், அவர் அங்கேதான் இருந்தாக வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆளுக்கொரு பழைய ரகமாக மாற்றிப் போடலாமே என்று, ஆசிரியரிடம் கேட்டதை வைத்து யோசனை சொன்னேன். சேவுகன் வரப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "பழைய நெல்லு எவன்கிட்டயும் ஒரு படி கூட இல்லண்ணே. எதுக்கு வச்சுக்கிட்டு, அவிச்சுத் தின்னுருங்கன்னு நாந்தேன் வீடு வீடாப் போய்ச் சொன்னேன்."

அடுத்த வருடம் நோயைத் தாங்கும் இன்னொரு புது ரகம் கடையில் வந்து இறங்கியது. அதையும் நான்தான் விற்றேன், அந்த ஊர் மொத்தமும் அதைத்தான் வாங்கியது, வேறு எதை வாங்கும்?