படலையில் வந்து சொன்னவர்

இன்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பு. பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் இனிச் சமூகத் தூதுவர்களாம். சனிக்கிழமை கிணற்று நீர் பற்றிக் கூட்டமாம். எல்லாரும் பெருவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

எனக்கு எழுபதுகளின் கடைசி நினைவுக்கு வந்தது. கரவெட்டியில் எங்கள் கிணறுகள் உவர்க்கத் தொடங்கியிருந்த நேரம். அதைப் பற்றிப் பேச வந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், வாசிகசாலைச் சுவரில் அறிவித்தல் ஒட்டிவிட்டு, இருக்க ஆளில்லாத வாங்குகளுக்கு நடுவே தனியே காத்திருந்தார்.

வழியில் போன என் ஐயாவைக் கூப்பிட்டு, "ஏன் ஒருத்தரும் வரேல்லை?" என்று கேட்டார்.

"நீங்கள் சுவருக்குத்தானே சொன்னனீங்கள் தம்பி. எங்களுக்கு ஆர் சொன்னது?"

அடுத்த கிழமை மனிதர் கலியாணத்துக்குச் சொல்வதுபோல வீடு வீடாகச் சைக்கிளில் போனார். ஒவ்வொரு வாசல் படலையிலும் இறங்கி, "கட்டாயம் வரவேணும்" என்றார்.

ஊரே திரண்டு வந்தது. அம்மா கலியாணவீட்டுச் சேலையில் வந்தார். பெரியம்மா பலகாரத் தட்டத்தோடு வந்தார். உப்புத் தண்ணீரின் கதையைப் பயித்தம் பணியாரம் கடித்தபடி கேட்டோம்.

"சனிக்கிழமை போறியளோ?" என்று மனைவி இப்போது கேட்கிறாள்.

"வீட்டை வந்து சொன்னால் போவம்."

படலையை இன்னும் பூட்டவில்லை. உங்கள் பக்கம் யாராவது வந்து சொன்னார்களா?