கோமளவல்லிக்கு ஆள் தெரியாது

வண்டி முழுதாக நிற்பதற்குள் கோமளவல்லி கதவைத் திறந்துவிடுவாள். மருந்துப் பை தோளில் இருக்கும். கையில் ஒரு பச்சைப் போர்வை இருக்கும். இரண்டு போர்வைகளை நீளவாக்கில் சேர்த்து அவளே தைத்தது. கூடி நிற்கிறவர்களை ஒரு சுற்றுப் பார்ப்பாள். "யாரு போன்ல படம் புடிச்சிகினு கீறது? நீ, நீ, அந்தச் செவப்பு சட்ட, அப்பால மீசக்காரரு. வாங்க இப்டி!" வந்த நாலு பேருக்கும் போர்வையின் விளிம்பை எடுத்துக் கையில் கொடுப்பாள். "ரெண்டு கையாலயும் தூக்கிப் புடி. வட்டமா நில்லு. மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கோ." இரண்டு கையும் போர்வையில் இருந்தால் போன் சட்டைப் பைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

திருத்தணியில் நிற்கிற நூற்றெட்டு ஆம்புலன்ஸில் அவள் மருத்துவ உதவியாளர். பதினோரு வருட அனுபவம், நாற்பத்தோரு வயது, குள்ளமான உருவம். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு அடங்கியிருக்கும். திருப்பதி சாலை விபத்துகள், பிரசவ வலி, நெஞ்சு வலி என்று எல்லா வண்டிகளுக்கும் வருகிற கேஸ்கள்தான் அவளுக்கும் வருகின்றன. ஆனால் அவள் பெயர் ஊரில் அடிபடுவது வேறு வகைக் கேஸ்களால். அடிபட்டவர் வலியைவிட வெட்கத்தால் அதிகம் துடிக்கிற கேஸ்கள் அவை.

மலைக்கோயில் கிருத்திகைக் கூட்டத்தில் வரிசையைக் குறுக்கே கடக்கப் பார்த்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வயிறு மாட்டிக்கொண்ட கனகம்மாசத்திரத்துப் பெரிய மனிதர் ஒருவர் உண்டு. தீயணைப்புக்காரர்கள் கம்பியை விரிக்கும் வரை, தாண்டிப் போன ஒவ்வொரு பக்தரும் அவரைப் பார்த்து அரோகரா சொல்லிவிட்டுப் போனார். இன்னும் பல உண்டு, எழுத முடியாதவை. இவற்றில் ஒன்றைக்கூடக் கோமளவல்லி வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஓட்டுநர் கண்ணையன்தான் சொல்வார், அதுவும் ஆள் பெயரை விழுங்கிவிட்டு. "அந்தம்மா வண்டிக்குள்ள சிரிக்காது. கேஸ ஆஸ்பத்திரில எறக்கி உட்டு, டீக்கடைக்கு வந்து, மொத வாய் டீ உள்ள எறங்கினப்புறம் தனியா சிரிக்கும். இன்னா அக்கான்னு கேட்டா, டீ சூடுன்னும்."

வண்டியில் இருக்கைக்குக் கீழே இரண்டு புது லுங்கியும் இரண்டு நைட்டியும் எப்போதும் இருக்கும். அவளே வாங்கி வைத்தவை. முதலில் துணி, பிறகுதான் கயிறும் கத்தரிக்கோலும். மூன்று வருடத்துக்கு முன் ஆர்.கே.பேட்டையில் ஓர் அம்மாள், பெயர் கௌரியம்மாள் என்று வைத்துக்கொள்வோம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கினார். புடவை நனையக் கூடாதென்று உள்பாவாடையை மார்போடு கட்டிக்கொண்டு இறங்கியவர் பாசியில் வழுக்கினார். தோள் மூட்டு விலகிவிட்டது. மூடி வழியாக ஏற முடியவில்லை. அக்கம்பக்கத்து மாடிகளிலெல்லாம் தலைகள். தொட்டியை அறுக்கத் தீயணைப்புக்காரர்கள் ரம்பத்தோடு வந்துவிட்டார்கள். கோமளவல்லி அவர்களை மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டு, மூடி வழியாக ஒரு நைட்டியை உள்ளே போட்டாள். "அம்மா, நல்ல கைய மட்டும் உட்டு மாட்டுங்க. அவசரமில்ல. நீங்க சொன்னாத்தான் அறுக்கறது." உள்ளேயிருந்து 'ஆங்' என்று குரல் வர ஏழு நிமிடம் ஆயிற்று. ஏழு நிமிடமும் ரம்பம் காத்திருந்தது. மாடிப்படியில் விழுந்து தோள் விலகிவிட்டதாகத்தான் கௌரியம்மாளின் சொந்தக்காரர்கள் இன்றுவரை நம்புகிறார்கள்.

இப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் பிறகு கடைத்தெருவில் அவளைப் பார்த்துச் சிரித்தால் அவள் சிரிப்பதில்லை. யாரோ எவரோ என்று காய்கறியைப் புரட்டிக்கொண்டிருப்பாள். நன்றி சொல்ல ஸ்வீட் பெட்டியோடு வந்த ஒருவரிடம், "யாருங்க நீங்க? வேற யாரயோ நெனச்சிகினு வந்துட்டீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தம்மாவுக்குத் தலைக்கனம் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். காப்பாற்றப்பட்ட மீதிப் பேர் வாயைத் திறப்பதில்லை.

இந்த வருடம் மாசியில் பொதட்டூர்பேட்டையிலிருந்து அழைப்பு வந்தது. திலீப் என்ற இளைஞன், வீட்டிலேயே பவர்லூம். லுங்கி நெய்துகொண்டிருந்தவன் கட்டியிருந்த லுங்கியின் நுனி மோட்டார் பெல்ட்டில் சிக்கி, துணி முழுவதும் சுருண்டு, ஆளைத் தறியோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டது. யாரோ மெயினை அணைத்திருந்தார்கள். உடம்பில் சட்டை மட்டும்தான் மிச்சம். வாசல், ஜன்னல் எல்லாம் போன்கள். கோமளவல்லி வழக்கம்போல நாலு பேரைப் பிடித்துப் போர்வையைக் கொடுத்தாள். புது லுங்கியை அவன் இடுப்பில் சுற்றி முடிந்த பிறகே சிக்கியதை வெட்டினாள். "அக்கா, என்ன உட்டுடு, நான் இப்டியே செத்துப் பூடறேன்" என்று அவன் அழுதான். "வைகாசில கண்ணாலம்க்கா எனக்கு."

"கண்ணாலம்னா கால ஆட்டாத. ஆட்டினா ரத்தம் நிக்காது" என்றாள். வலது தொடையில் சதை கிழிந்திருந்தது. மருத்துவமனையில் ஒன்பது தையல் போட்டார்கள். வேறு ஒன்றுமில்லை.

ஆனால் போர்வைக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. அதனால் ஆளுக்கொன்று சொன்னார்கள். படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டது, பையன் இனிக் கல்யாணத்துக்கு லாயக்கில்லை என்று பேச்சு தறிக்குத் தறி தாவி ஆர்.கே.பேட்டை வரை போய்விட்டது. பெண் வீடு அங்கேதான். தான் கட்டிய மறைப்பே அவனுக்கு வினையாகிவிட்டதே என்று கோமளவல்லிக்கு உண்மையாகவே வேதனை.

"ஒரு வார்த்த சொல்லிடேன்க்கா. நல்ல சேதிதான?" என்றார் கண்ணையன்.

"இவனுக்கு ஒண்ணுமில்லன்னு இன்னிக்கி சொல்லிடுவேன். நாளைக்கி நெசமாவே அடிபட்டவன் ஒருத்தனப் பத்தி வந்து கேப்பாங்க. அப்ப நான் வாய மூடினா, அதுவே பதிலாயிடுமேண்ணா" என்றாள் அவள்.

பங்குனியில் ஒரு முற்பகல், வண்டி நிற்கிற இடத்துக்குப் பெண்ணின் தாயாரே வந்துவிட்டார். வந்தது கௌரியம்மாள்.

"என் பொண்ணு பானுப்ரியா வாழ்க்கைம்மா. பொதட்டூர்பேட்ட திலீப்ப நீதான தறியிலேர்ந்து எடுத்த? எங்க பட்டுது அவனுக்கு? ஒரே வார்த்த."

"எந்த திலீப்புங்க? எனக்குத் தெரியலியே."

"ஊரே சொல்லுது நீதான்னு!"

"தெனம் பத்து கேஸும்மா. மூஞ்சி எதுவும் நெனப்புல நிக்கறதில்ல. அடி யாருக்குப் பட்டுச்சோ அவங்களத்தான் கேக்கணும்."

கௌரியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்ற. உனக்கா நெனப்பிருக்காது? பொட்டப் புள்ள பெத்தவ வந்து நிக்கறேன், மனசு எறங்க மாட்டியா?"

கோமளவல்லி வாயிலிருந்த கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். "நீங்க யாருன்னே எனக்குத் தெரியலியேம்மா. எந்த ஊரு நீங்க?"

கௌரியம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய வலது கை தானாகப் போய் இடது தோளைப் பிடித்துக்கொண்டது. மூன்று வருடமாகச் சொந்தக்காரர் வீடு, நாத்தனார், சந்தை, கோயில் எங்கேயும் ஒரு வாய்கூடத் தொட்டிக்குள் அவர் இருந்த கோலத்தைப் பற்றிக் கேட்கவில்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஆர்.கே.பேட்டைம்மா" என்றார். "நாம இதுக்கு முன்ன பாத்ததில்ல."

"ஆங். பாத்ததில்ல" என்றாள் கோமளவல்லி.

கௌரியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினார். திலீப்பைத் தனியாக உட்கார வைத்து, கேட்க வேண்டியதை அவனிடமே கேட்டார். அவன் தலை குனிந்தபடி பதில் சொல்லி, ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினான்.

வைகாசி முகூர்த்தத்தன்று மலையில் ஏகப்பட்ட கல்யாணங்கள். கூட்டத்துக்காக ஆம்புலன்ஸைச் சரவணப் பொய்கைப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். கோமளவல்லி பின்கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். பதினொரு மணி வெயிலில் மலையிலிருந்து இறங்கிய ஒரு கல்யாணக் கோஷ்டி அந்த வழியாக வந்தது. முன்னால் சீர்த்தட்டோடு வந்த கௌரியம்மாள் வண்டியைக் கண்டதும் எதிர்ப்பக்கக் கடையில் தொங்கிய பூவைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார். அவர் பின்னால், பெண்ணின் கையைப் பிடித்தபடி மாலையோடு வந்த மாப்பிள்ளையால் அப்படிப் போக முடியவில்லை. சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, திலீப் வண்டியின் முன் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

கோமளவல்லி, இவன் யாரைக் கும்பிடுகிறான் என்பதுபோலத் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.