சுப்பையா பொட்டு வைத்த பல்

மோட்டார் மெக்கானிக் தொழிலில் எஞ்சினைப் பிரிப்பது கையின் பாடு, திரும்பப் பூட்டுவது தலையெழுத்தின் பாடு. யுத்தத்துக்கு முந்தி புதுக்கோட்டையில் ஷெட் நடத்திய எனக்கு இது தெரியும். எத்தனை சோப்புப் போட்டும் நகத்தில் கிரீஸ் போகாத உங்களுக்கும் தெரியாமல் இருக்காது.

முன்னே ஒரு பல்

குளத்தூர் மிராசுதார் ஒருவர், திருச்சி வக்கீலோடு கார்ப் பந்தயம் கட்டிவிட்டு வந்து நின்றார். கீரனூரிலிருந்து புதுக்கோட்டை வரை ஓட வேண்டும். என் ஷெட் இருந்த இடம் அவருடையது. தோற்றால் அங்கே நெல் மூட்டை அடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

எஞ்சின் ஹெட்டை இழைத்து, கூடுதலாக ஒரு கார்புரேட்டரும் மாட்டினேன். மிச்சம் கேம் ஷாஃப்ட். வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று உத்தரவு போடும் தண்டு அது. அதன் பல்சக்கரத்தை ஒரு பல் முன்னே தள்ளிப் பூட்டினேன். கிளம்பும்போது கார் பாய்ந்தது. நாற்பது மைல் வேகத்தைத் தொட்டதும் மூச்சு வாங்கியது. மிராசுதார் இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“சந்தைக்குப் போய்வர இது போதும்யா. நான் கீரனூருலேருந்துல்ல வரணும்!”

ஆயுத பூஜை

மறுபடி பிரித்தேன். பல்சக்கரத்தில் அடையாளத்துக்குக் கம்பெனி அடித்த புள்ளி தேய்ந்திருந்ததால், சேர வேண்டிய பல்லில் குங்குமம் தொட்டு வைத்தேன். அடுத்த நாள் ஆயுத பூஜை. ஸ்பேனரைத் தொடக் கூடாது. என் ஷெட் பிட்டர் சுப்பையா பக்திமான். சுத்தியல், வைஸ், ஜாக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன், திறந்து கிடந்த எஞ்சினையும் விடவில்லை; துடைத்துவிட்டுப் பொட்டு வைத்தான்.

மறுநாள் பளிச்சென்று தெரிந்த பொட்டைப் பார்த்துப் பூட்டினேன். ஸ்டார்ட் செய்தால் காய்ச்சல் கண்டவன் மாதிரி எஞ்சின் உதறியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. சுப்பையாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, எஞ்சினிலுமா பொட்டு வைப்பாய் என்று திட்டிக்கொண்டே காரைத் திருச்சி ரோட்டில் விரட்டினேன். முதலில் முக்கி முனகியது. நாற்பதைத் தாண்டியதும், அடேயப்பா, பறந்தது! திரும்பி வந்து பல்லை எண்ணினேன். அவன் பொட்டு ஒரு பல் பின்னே இருந்தது. நீண்ட ரோட்டுக்கு இதுதான் சரி என்று அப்படியே விட்டுவிட்டேன்.

“திட்டுறதை இன்னும் முடிக்கலியேண்ணே, ஏன் நிப்பாட்டிட்டீங்க?” என்றான் சுப்பையா.

கீரனூர் முதல்

பந்தயத்தன்று மிராசுதார் ஓட்ட, நான் பக்கத்தில். கொடி விழுந்ததும் வக்கீல் கார் சிட்டாய்ப் போய்விட்டது. எங்கள் கார் இருமிக்கொண்டு நகர்ந்தது. கூடியிருந்த கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. என் கண்ணுக்குள் நெல் மூட்டைகள் வரிசையாக வந்தன.

நாற்பது வந்தது. அதன் பிறகு எனக்குக் காற்றுச் சத்தம்தான் ஞாபகம். நார்த்தாமலை தாண்டுவதற்குள் வக்கீலின் புழுதியை விழுங்கினோம், அப்புறம் அவருக்கு எங்கள் புழுதியைக் கொடுத்தோம். புதுக்கோட்டையில் நாங்கள் காப்பி குடித்து முடிக்கும்போது வந்து சேர்ந்தார். அன்று போல் நான் என்றும் சந்தோஷப்பட்டதில்லை. ஷெட்டில் நெல் விழவில்லை. மறுவாரம் வக்கீல் காரே அங்கே வந்து நின்றது. மனிதர் என்னைப் பார்க்கவே இல்லை.

“இங்கிட்டுப் பொட்டு வைக்கிற ஆளு ஒருத்தர் இருக்காராமே, அவரைக் கூப்பிடுங்க!”

அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குங்குமத்தைச் சுப்பையா கையில்தான் கொடுத்தேன், பல்லை மட்டும் அவன் போன பிறகு நானே எண்ணிக்கொண்டேன்.