கற்காலத்தில் என் அக்கா

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் பொம்மைக்காரர் என்றுதான் சொல்வார்கள். துணிக்கடை வாசலில் சட்டை மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டும் பொம்மைகளைச் செய்துகொண்டிருந்தவர். அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்ததும் ஆதி மனிதர்கள் பக்கம் தாவிவிட்டார். நான் அங்கே விளக்குப் போடுகிறவன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே அத்தான்தான் என்பதால் அவரைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் திறக்கிறேன்.

மனுஷன் வேலையில் கெட்டிக்காரர். களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, வார்த்து, வர்ணம் பூசி, பிறகு ஊசியால் தலைமுடியை ஒவ்வொன்றாக நடுவார். கண்ணுக்கு அடியில் விழும் சுருக்கம் வரைக்கும் விட மாட்டார். வீட்டுக்கு வந்தால் அதே கண் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டி மேலே எழாது. அக்கா ஒரு தடவை காய்ச்சலில் கிடந்து எழுந்து, இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். அத்தான் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், தூங்கினார், வேலைக்குப் போனார். நாட்கள்தான் போயின. கடைசியில் அவளே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, என்கிட்ட ஏதாவது மாறியிருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "புதுக் கம்மலா?"

அன்று சாயங்காலமே அக்கா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தான் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் வந்து கூப்பிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் வரவில்லை. வேலையிடத்தில் என்னிடம் மட்டும், "உங்கக்கா சாப்பிட்டாளா?" என்பார். "நீங்களே வந்து கேளுங்க அத்தான்" என்றால் தலையைக் குனிந்து களிமண்ணைப் பிசைவார். இதற்குள் அக்கா தனியாக இருக்க வீடு பார்க்க ஆரம்பித்தாள். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். மாதம் பிறந்ததும் குடி போவதாக ஓர் அறையைப் பேசி முடித்துவிட்டு அவள் வந்து நின்றபோதுதான் அது மிரட்டல் இல்லை என்று புரிந்தது.

அருங்காட்சியகத்தில் அப்போது ஒரு புதுக் கூடம் தயாராகிக்கொண்டிருந்தது. ஜனங்கள் குகையில் கூடி வாழ்ந்ததில் ஆரம்பித்து, ஒட்டகங்கள் மேல் சரக்கும் சாமிகளும் சேர்ந்தே பாலைவனம் தாண்டிப் போனது வரை அதில் உண்டு. முதல் காட்சி குகைக் குடும்பம். இரண்டு பேர் ஈட்டியோடு நிமிர்ந்து நிற்க, ஒருத்தி நெருப்போரம் குந்தி இறைச்சியை வாட்டிக்கொண்டிருப்பாள். நான் ஏணியில் நின்று அவள் பக்கம் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கூடத்துக்குப் பொறுப்பான மேடம் அவள் தோளருகே குனிந்தார்.

"பொம்மைக்காரரே, இங்க என்ன வட்டமா இருக்கு?"

அத்தான் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "தடுப்பூசித் தழும்பு மேடம்."

"கற்காலத்துல யாருங்க வந்து ஊசி போட்டுட்டுப் போனது?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தத் தழும்பை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைக் கிள்ளிவிட்டு ஓடி, முதுகில் அடி வாங்கியிருக்கிறேன். ஏணியை விட்டு இறங்கி அவள் முகத்தைப் பார்த்தேன். அழுக்கையும் சிக்குப் பிடித்த முடியையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் அது அக்கா. இடது புருவம் ஒரு பொட்டு ஏறியிருப்பதும், கோபத்தை அடக்கும்போது உதடு ஒரு பக்கமாக இறுகுவதும் அப்படியே இருந்தன. ஏறெடுத்தே பார்க்காத மனுஷன் இதையெல்லாம் எப்போது பார்த்துவைத்தார்?

"அத்தான், இது அக்காதானே?"

"எனக்கே தெரியல மச்சான். கை தானா அங்க போயிடுச்சு."

தழும்பை அன்றே அடைத்துப் பூசிவிட்டார். நான் மறுநாள் அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். பார்த்ததும் உருகிவிடுவாள் என்பது என் கணக்கு. அவள் அந்தக் காட்சியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அத்தான் முன்னால் நின்றாள்.

"பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடியும் நான் அடுப்படியிலதானா?"

பதில் சொன்னவர் மேடம்தான். "அவங்க கேக்கறது நியாயம். யாரு சமைச்சாங்கன்னு எலும்பு சொல்லல. நாமளா அவளை அங்க உக்கார வச்சிட்டோம்." பிறகு வேறொன்றும் சொன்னார். குகையைத் தோண்டியபோது ஓட்டை போட்ட கடல் சிப்பிகள் கிடைத்தனவாம். கடலோ மலைக்கெல்லாம் அந்தப் பக்கம். யாரோ ஒருவர் வெளியாளிடம் பேரம் பேசித்தான் வாங்கியிருக்க வேண்டும்.

"பேரமா? அதை என்கிட்ட விடுங்க" என்றாள் அக்கா. அவள் வருவதைப் பார்த்தாலே கடைக்காரர்கள் விலையைக் குறைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஈட்டிக்காரன் ஒருவனிடம் ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு இறைச்சிக் குச்சியைக் கொடுத்தோம். இனி பேரம் பேசப்போகிற குகைக்காரிக்கு, சிப்பிக்கு மாற்றாகச் சிவப்புக் கற்களைப் பிடித்து நீட்டுகிற மாதிரி வேறு கை வேண்டும். அதற்கு உயிருள்ள கையில் அச்செடுத்தாக வேண்டும். அப்படித்தான் அத்தான் ஒரு பேசினும் பிளாஸ்டர் துணியுமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அக்காவின் எதிரில் உட்கார்ந்து, கையில் வாசலின் தடவினார். "விரலைக் கொஞ்சம் விரிச்சுப் பிடி."

"மாட்டேன். எதிராளி என்ன கொண்டு வந்திருக்கான்னு பாக்காம யாராவது கையைத் திறப்பாங்களா?"

அவர் யோசித்தார். "சரி, மூடியே வை." தடவிக்கொண்டு வந்தவர் மணிக்கட்டில் நின்றார். "இது எப்போ சுட்டுக்கிட்டே?"

"போன வருஷம். குக்கர் ஆவி."

"சொல்லவே இல்லையே."

"கேக்கவே இல்லையே."

நனைத்த துணியைச் சுற்றிவிட்டு, கலையாமலிருக்க அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டார். சுடுகிறது என்றாள். இறுகும்போது அப்படித்தான் இருக்கும் என்றார். அவளும் எழுந்து போக முடியாது, அவருக்கும் பிசைவதற்குக் களிமண் இல்லை. அக்கா காய்ச்சலில் தனியாகக் கிடந்ததைச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார், அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். நானும் என் மனைவியும் அடுப்படியில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தோம். எனக்கு அழுகையாக வந்தது. அவர்களுக்கு வைத்த டீ ஆடை கட்டி ஆறிப்போயிற்று.

"இன்னுமா காயல?" என்றாள் அக்கா.

"காஞ்சு ரொம்ப நேரமாச்சு" என்றார் அத்தான்.

அக்கா உடனே கையை உருவிக்கொள்ளவில்லை. "அப்ப விடுங்க" என்றாள் கொஞ்சம் பொறுத்து. "நம்ம வீட்டுக்குப் போக நான் பெட்டி கட்ட வேண்டாமா?"