பஸ் ஓட்டுகிறவளின் ஸ்கேன்

என் தங்கை பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அவள் ரிவர்ஸ் எடுத்து இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்தும்போது டிப்போ ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். படிக்கிற காலத்திலிருந்தே அவளுக்கு ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் ஜன்னலை அடைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு கிடப்பாள். "சோம்பேறித்தனம்" என்பார் அவள் புருஷன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

சமீபத்தில் வலி அடிக்கடி வந்ததால் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் அங்கங்கே சின்ன வெள்ளைப் புள்ளிகள் என்று ரிப்போர்ட் வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மாப்பிள்ளை செல்போனில் எதையெதையோ படித்துவிட்டு, பக்கவாதம் வரப்போகிறது, இனி பஸ்ஸைத் தொடக்கூடாது என்று குதித்தார். தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர் சொல்லாம நீங்களா எப்படி முடிவு பண்ணலாம்?" என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு, நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "ஒற்றைத் தலைவலி இருக்கிற நிறைய பேருக்கு இந்தப் புள்ளிங்க இருக்கும். கட்டி இல்ல, பக்கவாதமும் இல்ல. பிரஷரை மட்டும் பாத்துக்கங்க. இதுக்காக வேலைய விட வேண்டாம்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு நான் எழுந்தே விட்டேன்.

"வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமா?" என்றார் டாக்டரம்மா.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும் டாக்டர். கோணல்மாணலா வெளிச்சம் ஓடும். அப்புறம் பாதி ரோடு மறைஞ்சிடும்."

"வண்டி ஓட்டும்போது வந்திருக்கா?"

"ரெண்டு தடவை."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்கேன்ல இது தெரியாது. ஆனா எனக்கு இதுதான் கவலை. மாத்திரை தர்றேன். இது கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் பஸ் ஓட்டாதீங்க."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? இதுக்கா உன் புருஷன்கிட்ட அவ்வளவு சண்டை போட்டேன்? எப்படியும் ஓரமா நிறுத்தியிருப்பே. எதுக்கு வாயத் திறந்தே?"

"மொத தடவை நிறுத்தினேன்க்கா. ரெண்டாவது தடவை பாலத்து மேல, நிறுத்த இடமில்ல." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குப் பின் சீட்டுல உன் பொண்ணு உக்காந்து பாடிக்கிட்டிருந்தா."

நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.