ஒட்டடைக்குச்சி பிடித்த கம்பி

இப்போது அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கும் அவருக்குப் பட்டாளத்தில் ஒட்டடைக்குச்சி என்று பெயர். அத்தனை ஒல்லி. “பக்கவாட்டுல நின்னா எதிரிக்கே நீ தெரிய மாட்டடா” என்று கூட்டாளிகள் ஓட்டுவார்கள். காலாட்படையின் பின்னாலேயே போய் டெலிபோன் கம்பி இழுப்பது அவர் வேலை.

அன்று ஒரு குன்றைப் பிடிக்க வேண்டும். நண்பகலில் நம் பீரங்கிகள் குன்றை அடிக்கும், பிறகு காலாட்படை ஏறும் என்று ஏற்பாடு. ஆனால் காலையிலேயே எதிரி அசந்திருப்பதைக் கண்ட கேப்டன், காத்திராமல் ஆட்களோடு ஏறிச் சண்டையிட்டுக் குன்றைப் பிடித்துவிட்டார்.

“பிடிச்சாச்சுன்னு பீரங்கிக்காரனுக்குச் சொல்லு.”

ஒட்டடைக்குச்சி டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினார். மறுமுனையில் சத்தமே இல்லை. வழியில் எங்கோ கம்பி அறுந்திருந்தது. ரேடியோவும் சண்டையில் நொறுங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நம் குண்டே நம் தலையில் விழும். எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை.

“நான் போறேன், சார்.”

“பக்கத்து மேட்டுல எதிரி இருக்கான்டா. தனியாவா?”

“ரெண்டு பேர் போனா அவனுக்கு ரெண்டு குறி, சார்.”

டெலிபோனை முதுகில் கட்டிக்கொண்டு, கம்பியை உள்ளங்கைக்குள் ஓடவிட்டபடி சரிவில் தவழ்ந்தார். தலையைத் தூக்கிப் பார்க்க வழியில்லை, கைதான் கண். தோட்டாக்கள் பக்கத்தில் மண்ணைக் கிளறின. பாதிச் சரிவில் கம்பி கையோடு வந்துவிட்டது. எதிரே குண்டு விழுந்த பள்ளம். மறுமுனை பள்ளத்துக்கு அப்பால் ஒரு புதரில் தொங்கியது.

ஒண்ட ஒரு கல்கூட இல்லாத அந்த இடத்தை எழுந்து ஓடியே கடந்தார். ஒரு தோட்டா தோளை உரசிப் போனது. புதரடியில் விழுந்து, கம்பியின் உறையைப் பல்லால் உரித்து, டெலிபோனில் மாட்டிச் சுற்றினார்.

“யாரு?” பீரங்கிப் பக்கமிருந்து கூட்டாளியின் குரல்.

“ஒட்டடைக்குச்சிடா! குன்றுல நம்ம ஆளுங்க இருக்காங்க. சுடாதீங்க!”

“எதிரிகூட இப்படித்தான் சொல்லுவான். ஒட்டடைக்குச்சின்னா எங்கிட்டேருந்து என்னத்தைத் தூக்கிட்டுப் போனன்னு சொல்லு.”

“உன் நாத்தம் பிடிச்ச சோப்பைத்தான்டா, கஞ்சப் பயலே! இப்ப அதுவா முக்கியம்?”

“அய்யோ, நீயேதான்! சார், நிறுத்துங்க! டேய், அப்ப எங்கடா போடுறது?”

“இடப்பக்க மேட்டுல. அங்கிருந்துதான் என்னைச் சல்லடையாக்கப் பார்க்கிறான்!”

நண்பகலில் பீரங்கிகள் முழங்கின. தலைக்கு மேல் குண்டுகள் ஊளையிட்டுப் போயின. எங்கே விழப்போகின்றனவோ என்று மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இடப்பக்கம் அதிர்ந்தது. மறுபடியும் இடப்பக்கம்தான். மேட்டிலிருந்து வந்த தோட்டாக்கள் குறைந்து, நின்றே போயின.

முழக்கம் ஓய்ந்தபோது குன்றின் உச்சியிலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

“எவன்டா என் தண்ணி பாட்டிலைக் காலி பண்ணினது?”

“நான்தான்! உசுரோட இருக்கோம்ல, போய் வேற தண்ணி பிடிச்சுக்கோயேன்!”

அப்பாடா என்று ஒட்டடைக்குச்சி மல்லாந்து படுத்தார். தோள் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை. மேலே அந்த இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.