காட்டிக்கொடுத்த கத்திரிக்காய்

வடபழனியில் எங்கள் ஸ்டுடியோ ரிசப்ஷனில் நடிகர் வரதன் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றதும் தயாரிப்பாளர் வேலு என்னைப் பார்த்தார். "நீதானே நைனா ஸ்கிரிப்ட் எழுதனே. நீயே போய்ப் பேசு."

தனியார் சேனல்கள் புதிதாக வந்திருந்த காலம். சினிமா கிசுகிசுப் பத்திரிகைகளைக் கேலி செய்து வாரம் ஒரு நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லாத விஷயத்தைப் பயங்கரக் குரலில் வாசிப்பதுதான் அதில் வேடிக்கை. முந்தின வாரம் நான் எழுதியது: "மந்தைவெளி மார்க்கெட்டில் பிரபல நடிகர் கத்திரிக்காய் வாங்கினார். யாருக்காக?" யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை.

ஒரு பத்திரிகை அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டு, 'அப்பா நடிகரின் ரகசியக் குடித்தனம்: காட்டிக்கொடுத்த கத்திரிக்காய்' என்று போட்டுவிட்டது. சினிமாவில் அப்பா வேஷம் போடுகிறவர்களில் அந்த மார்க்கெட்டில் காய் வாங்குகிறவர் வரதன் ஒருவர்தான்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பொண்ணுக்கு ஆதம்பாக்கத்துல ஒரு வரன் கூடி வந்தது சார். இப்போ மாப்பிள்ளையாத்துல, கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லிட்டா."

மறுப்புச் செய்தி போடச் சொல்லலாம் என்றேன்.

"மறுப்புப் போட்டா, படிக்காதவனும் தேடிப் படிப்பான்."

பின்னாலேயே வந்து நின்ற வேலுதான் வழி சொன்னார். "சார், நீங்களே நம்ம புரோகிராம்ல வந்துடுங்க. வூட்டம்மாவையும் இட்டுகினு வாங்க."

இருவரும் வந்தார்கள். செய்தி வாசிப்பவர் அதே பயங்கரக் குரலில் அந்த அம்மாளிடம் மைக்கை நீட்டினார். "இவருக்கு இன்னொரு குடித்தனம் இருப்பதாகத் தகவல். நம்புகிறீர்களா?"

நான் எழுதிக் கொடுத்த பதிலை அவர் சொல்லவில்லை. "இவருக்குப் பாத்துப் பொறுக்கத் தெரியாது. வாங்கிண்டு வர கத்திரிக்காய்ல பாதி சொத்தை. முப்பது வருஷமா நான் சகிச்சுண்டிருக்கேன். இன்னொருத்தியா இருந்தா மறுநாளே துரத்தியிருப்பா."

கேமராமேன் சிரித்ததில் ஷாட் ஆடியது. அப்படியே ஒளிபரப்பினோம்.

ஆதம்பாக்கத்திலும் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் மாப்பிள்ளையின் அம்மாவே போன் செய்து, "எங்காத்துக்காரரும் இதே மாதிரிதான்" என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினாராம். கல்யாணத்துக்கு யூனிட்டோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

கேலி எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயர் போடாவிட்டால் யாருக்கும் வலிக்காது என்று நினைக்காதீர்கள். நீங்கள் காலியாக விட்ட இடத்தில் இன்னொருவன் ஒரு பெயரை எழுதிக்கொள்வான்.

அந்தப் பத்திரிகையிலிருந்தும் போன் வந்தது. வருத்தம் தெரிவிக்கத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"சார், உங்க அடுத்த வார மேட்டர் கொஞ்சம் முன்னாடியே கிடைக்குமா?"